கரிக்கலாம்பாக்கத்தில் பென்சிலை நீட்டினால்

பாகூர்ப் பக்கம் சம்பா முற்றி நிற்கும்போது அந்த மஞ்சளை வாட்டர்கலரில் பிடித்துவிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. இந்த வருடம் பொங்கல் கழித்துக் கிளம்பினேன். புதுச்சேரியில் காலை ஆறரைக்கு பஸ். வில்லியனூரில் மாறி, கரிக்கலாம்பாக்கம் போய்ச் சேர ஒரு மணி நேரம். டிக்கெட் இரண்டும் சேர்த்து முப்பது ரூபாய்க்குள்.

மெயின் ரோட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் நடந்தால் ஒரு பக்கம் மனைக்கற்கள், மறுபக்கம் அறுவடைக்கு நிற்கும் நெல். வரப்பில் ஸ்டூலைப் போட்டு, வானத்தை முடித்துவிட்டு, நெல்லுக்காக ஒரு கண்ணை மூடிப் பென்சிலைக் கைநீளத்துக்கு நீட்டி அளவு பார்த்தேன். படம் வரைகிற எல்லோரும் செய்வதுதான். மனை போடும் ஊரில் அதற்கு வேறு அர்த்தம் என்று எனக்கு எப்படித் தெரியும்?

“இன்னா சார் அளக்குறீங்க? யாரு அனுப்புனது?”

பின்னால் ஒரு பெண், கையில் அரிவாள். வயலின் சொந்தக்காரர் ஜெசிந்தா. படத்தைக் காட்டியும் நம்பிக்கை வர நேரமாயிற்று. பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். பக்கத்து வயல் கொழுந்தனுடையது, மனைக்கு விற்றுவிட்டாராம். இவர் வயலிலும் ஒரு துண்டு தனக்குச் சேரும் என்று தகராறு.

“இன்னிக்கு மிஷின் வருது சார். பிரச்சனன்னு தெரிஞ்சா டிரைவர் எறக்க மாட்டான். நெல்லெல்லாம் கொட்டிடும்.”

சொல்லி வாய் மூடவில்லை, தூரத்தில் அறுவடை மிஷின் சத்தம். அதற்கு முன்னால் பைக்கில் கொழுந்தன்.

“மிஷின எறக்கக் கூடாது அண்ணி” என்று ஆரம்பித்தவர், என்னையும் பென்சிலையும் பார்த்து நிறுத்தினார். “யாரு இவுரு?”

ஜெசிந்தா என்னிடம் திரும்பி, “நீங்க அளங்க சார். ரோட்லேர்ந்து சுத்தமா அளங்க. யாருது எவ்ளோன்னு தெரிஞ்சிடட்டும்” என்றார்.

என்னைச் சர்வேயராக்கிவிட்டார் என்று புரிந்தது. பலகையை மார்போடு அணைத்துக்கொண்டு, பென்சிலை நீட்டினேன். அளந்தால் தன் பேச்சு நிற்காது என்று கொழுந்தனுக்கே தெரியும் போல. “இப்ப இன்னாத்துக்கு அளக்கணும்? அறுப்பு முடியட்டும், அப்பறம் பேசிக்கலாம்” என்று முனகிக்கொண்டே பைக்கைத் திருப்பினார். மிஷின் வயலில் இறங்கியது.

போகிறவர்கள் தொப்பியும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். பத்து மணிக்கு மேல் வண்ணம் தட்டிலேயே காய்ந்துவிடுகிறது. எதையும் தொடங்கும் முன் வயல்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். என் படத்தில் வானம் இருக்கிறது, தூரத்துப் பனைகள் இருக்கின்றன, நெல் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தாள். நான் அளப்பதுபோல் நிற்க நிற்க, வரைய வந்த மஞ்சள் முழுவதும் மிஷினுக்குள் போய்விட்டது. ஒரு படம் கைநழுவிப் போனதற்கு நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை.