டெசிரேயின் அம்மா யார் என்று கேட்ட விண்ணப்பம்

மிஸ் டார்லீன் எங்கள் பள்ளியின் மாணவர் ஆலோசகர். கதவில் அப்படித்தான் எழுதியிருக்கும். பக்கத்து மேசையில் பதினெட்டு வருஷம் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியும், பாதி நேரம் அவள் ஆள் பிடிக்கிற வேலைதான் பார்த்தாள். கல்லூரி உதவித்தொகைக்கு விண்ணப்பம் போடாத பிள்ளைக்குப் பள்ளி முடித்த சான்றிதழ் கிடையாது என்று லூசியானாவில் சட்டம் கொண்டுவந்தார்களே, அதிலிருந்து கேட்கவே வேண்டாம். இறால் படகேறப் போகிறவனுக்கு எதற்கு இந்த விண்ணப்பம் என்று நான் கத்துவேன். என் கத்தலை யார் காதில் போட்டுக்கொண்டார்கள்?

வேண்டாம் என்பவர்கள் பெற்றோர் கையெழுத்துப் போட்ட ஒரு தாளைக் கொடுத்து விலகிக்கொள்ளலாம். மிஸ் டார்லீன் அந்தத் தாளை லேசில் எடுத்து நீட்டமாட்டாள். மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு படகுத்துறைக்குப் போவாள், ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டத்தையும் தானே நிரப்புவாள். போகிற வீட்டிலெல்லாம் ஒரு கிண்ணம் கம்போ, அதான் எங்கள் ஊர் இறால் குழம்பு, குடித்துவிட்டு, எடை கூடிவிட்டதென்று என்னிடம் வந்து புலம்புவாள். எனக்கு மட்டும் ஒரு வாய் கொண்டுவந்ததில்லை.

ஒரு வருஷம் எங்கள் மாணவி டெசிரேக்கு நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. ஏப்ரலில் அவளுடைய விண்ணப்பம் மட்டும் கல்லூரியிலிருந்து திரும்பி வந்தது. விண்ணப்பத்தில் அம்மா பெயர் வெர்னிஸ் என்று இருக்கிறது, வெர்னிஸின் வரித்தாளில் டெசிரே தங்கை மகள் என்று இருக்கிறது, எது சரி என்று கேட்டிருந்தார்கள்.

மிஸ் டார்லீன் தலையில் கைவைத்துக்கொண்டாள். வெர்னிஸ் என்று தட்டியது அவள்தான். கேட்டுக்கூடப் பார்க்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? எங்கள் ஊரில் வளர்த்தவள்தான் அம்மா. பெற்றவள் பிள்ளைக்கு இரண்டு வயதாகும்போது டெக்சாஸ் போனவள், போனவள்தான். அவளுடைய அக்கா வெர்னிஸ்தான் ஆலையில் நண்டு உரித்துப் பிள்ளையை வளர்த்தாள். கோர்ட்டுக்குப் போய்க் காகிதம் எதுவும் வாங்கவில்லை. அதனால் விலகல் தாளில்கூட அவள் கையெழுத்து செல்லாது. ஒரே வழிதான் இருந்தது. பெற்றவள் கைவிட்டுப் போய்விட்டாள், இருக்குமிடம் தெரியாது என்று டெசிரே தன் கைப்பட எழுதவேண்டும். இல்லையென்றால் சான்றிதழும் இல்லை, நர்சிங்கும் இல்லை.

டெசிரே முடியாது என்று சொல்லிவிட்டாள்.

"என்னைக் கைவிட்டுட்டாங்கன்னு எழுதணுமா? ஒரு நாள்கூட நான் அம்மா இல்லாம இருந்ததில்ல. பொய் எழுத மாட்டேன் மிஸ் டார்லீன். சான்றிதழ் போனாப் போகட்டும், நானும் நண்டு உரிக்கப் போறேன்."

என் புத்தியால வந்தது, என் புத்தியால வந்தது என்று மிஸ் டார்லீன் அன்று முழுக்க என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில் கல்லூரிக்குப் போன் போட்டு அரைமணி நேரம் மன்றாடினாள். விவரம் தெரிந்த உறவினர் எழுதிக் கொடுத்தாலும் போதும் என்று சம்மதித்தார்கள். ஆனால் அதை வெர்னிஸிடம் எந்த முகத்தோடு கேட்பது என்று இரண்டு நாள் தள்ளிப்போட்டாள்.

டெசிரேதான் வீட்டில் சொல்லியிருக்கிறாள் போல. மூன்றாம் நாள் மத்தியானம், நண்டு ஆலையிலிருந்து வெள்ளை ரப்பர் பூட்ஸோடு வெர்னிஸ் நேரே உள்ளே வந்தாள். டெசிரே வகுப்பில் இருக்கிறாள் என்று உறுதி செய்துகொண்டு, ஒரு தாள் கேட்டாள். மெதுவாக, எழுத்தெழுத்தாக எழுதினாள். பெற்றவளின் பெயர், போன வருஷம், எங்கே என்று தெரியாது என்பது. கடைசி வரிக்கு முன்னால் பேனாவை வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தாள். பிறகு எழுதினாள்: நான் இவளுடைய தாய் அல்ல.

மிஸ் டார்லீன் தாளை வாங்கக் கைநீட்டினாள். வெர்னிஸ் விடவில்லை.

"இத யாரு படிப்பாங்க?"

"கல்லூரி ஆபீஸ்ல ஒருத்தர்."

"அவருக்கு எங்க பொண்ணத் தெரியுமா?"

"தெரியாது வெர்னிஸ்."

"அப்ப சரி," என்று சொல்லி, தாளை விட்டாள்.