சொல்லாமல் விட்ட பாதி

நான் ஒரு நோயாளிக் கிழவரைக் காட்டிக்கொடுத்தேன். பயத்தினால் காட்டிக்கொடுத்தேன்.

உங்களுக்கு என்னைத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது. கடலூர் முதுநகரில் ஆசிரியையாக இருந்தேன். ஞாயிறுதோறும் ஆலயத்தில் பிள்ளைகளுக்கு வேதபாடம் நடத்தினேன். அயலானை நேசிக்கச் சொல்லிக்கொடுத்த வாய் இது!

பக்கத்து வீட்டில் நூர்ஜஹான் இருந்தாள். கணவன் மலேயாவில். அவளும் மாமனார் காசிம் பாயும் மட்டும்தான். பாய்க்கு இழுப்பு நோய். அறைக்குள் படுத்தால் மூச்சு முட்டும் என்று மொட்டைமாடியில் படுப்பார். இழுப்பு அதிகமானால் நூர்ஜஹான் டார்ச் விளக்கோடு மருந்து எடுத்துக்கொண்டு ஏறுவாள். எனக்கு இது நன்றாகத் தெரியும்... எத்தனையோ முறை வெந்நீர் வைத்துக் கொடுத்தவளே நான்தான்!

அறுபத்தைந்தில் பாகிஸ்தானோடு போர் மூண்டது. ஊரின் பேச்சே மாறிப்போயிற்று. கடலில் கப்பல் நிற்கிறதாம், கரையிலிருந்து யாரோ வெளிச்சம் காட்டுகிறார்களாம்... கடைத்தெருவில் ஒருவர் என்னிடமே கேட்டார்: "ஏன் டீச்சர், உங்க சாமியும் வெளிநாட்டுச் சாமிதானே?" சிரித்துக்கொண்டுதான் கேட்டார். இன்றைக்கு முஸ்லிம்கள்... நாளைக்கு நாங்களா?

ஒரு மத்தியானம் ஏழெட்டுப் பேர் என் வாசலில் வந்து நின்றார்கள். எல்லாரும் தெரிந்த முகங்கள். சிலருடைய பிள்ளைகள் என் வகுப்பில் படித்தார்கள்.

"டீச்சர், நீங்க பக்கத்து வூடு. ராத்திரியில பாய் வூட்டு மாடியில லைட்டு தெரியுதாமே... பாத்தீங்களா?"

நிலைப்படியைப் பிடித்துக்கொண்டேன்.

"பார்த்தேன்" என்றேன்.

அவ்வளவுதான்! கிழவருக்கு மருந்து கொடுக்கப் போகிறாள் என்று அடுத்த வாக்கியத்தைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஏன் சொல்லவில்லை? அவர்களுக்காகப் பேசினால் என்னையும் அவர்களோடு சேர்த்துவிடுவார்கள் என்று பயந்தேன். கதவைச் சாத்தித் தாழிட்டேன்.

உள்ளே நின்றபடியே எல்லாம் கேட்டேன். பானை உடைந்தது. நூர்ஜஹான் அலறினாள். "அவருக்கு முடியலைங்க, மூச்சு வாங்குதுங்க, வுட்டுடுங்க..." கிழவரைத் தெருவோடு நடத்தி, போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். போலீஸார் விசாரித்துவிட்டு மறுநாளே விட்டுவிட்டார்கள், குற்றம் ஒன்றுமில்லையே! ஆனால் அதன்பின் பாய் மாடிக்கு ஏறவில்லை. ஜன்னலையும் அடைத்துக்கொண்டு அறைக்குள்ளேயே படுத்தார். சுவருக்கு அப்பால் அவர் மூச்சு இழுத்தது எனக்குக் கேட்டது. சில வாரங்களில் அதுவும் நின்றது.

பாய் இறந்த வாரத்து ஞாயிறு, எதிரிகளுக்காகவும் ஜெபிப்போம் என்றார் போதகர். எல்லாரோடும் நானும் முழங்காலிட்டேன். யார் எதிரி?

நூர்ஜஹான் சிதம்பரத்திலிருந்த தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். இரண்டு ஆண்டுகள் கழித்து, சிதம்பரம் பஸ் நிலையத்தில் யாரோ பின்னாலிருந்து என் கையைப் பிடித்தார்கள். திரும்பினேன். அவள்தான்! தெரிந்துவிட்டது, கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன்.

"டீச்சர்! அன்னைக்கு அவுங்க உங்க வாசல்ல நின்னதை ஜன்னல் வழியா பாத்தேன். எங்களுக்காக எவ்வளவு சொல்லிப் பாத்திருப்பீங்க... நீங்க தடுக்கலேன்னா வூட்டையே கொளுத்தியிருப்பாங்க."

அவள் கண் நிறைந்திருந்தது. இப்போதாவது சொல்லியிருக்கலாம் அல்லவா? சொல்லவில்லை! அந்த நன்றியையும் வாங்கிக்கொண்டேன்.

"எங்க மாமாவுக்காக உங்க சாமிகிட்ட கேளுங்க டீச்சர்" என்றாள்.

"கேக்குறேம்மா" என்றேன்.

இன்றுவரை கேட்கவில்லை. தினமும் முழங்காலிடுகிறேன், யார் யாருக்காகவோ மன்றாடுகிறேன். காசிம் பாய் என்ற பெயரை மட்டும் சொல்வதில்லை. அந்தப் பெயரைச் சொன்னால், அன்றைக்கு வாசலில் நீ என்ன சொன்னாய் என்று ஆண்டவர் என்னைத் திருப்பிக் கேட்டுவிடுவாரோ... பயமாக இருக்கிறது!