யாரும் போய்ப் பார்க்காத சுருக்கு

மாத்தளைப் பக்கம் யட்டவத்தைக்கு மேலே, கைவிட்டுக் காடாகிப்போன தேயிலை மலையை ஒட்டினாற்போல் எங்கள் காணி இருக்கிறது. வாப்பா மௌத்தான பிறகு மேற்பகுதி என் மூத்த சகோதரரான நானாவுக்கும் கீழ்ப்பகுதி தங்கச்சியான எனக்கும் வந்தது. அவர் மரவள்ளியும் போஞ்சியும் போடுவார். நான் மிளகும், கொச்சிக்காய் என்று நாங்கள் சொல்லும் மிளகாயும் போடுகிறேன். மிளகுக்கொடியைப் பன்றி ஏறெடுத்தும் பார்க்காது. அதனால் காட்டுப்பன்றியோடு மல்லுக்கட்டுவது முழுக்க நானாவின் பாடு.

அதற்கு அவர் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார். மோட்டார் சைக்கிளின் கிளச் வயரை அவர் வாங்கிக் கொடுப்பார். பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து ஒரு அண்ணன் வந்து, பன்றி நுழையும் வேலி இடுக்கில் அதைச் சுருக்காகக் கட்டுவார். விடியும்போதே அவர்தான் போய்ப் பார்ப்பார். பன்றி விழுந்திருந்தால் லயத்தில் அன்றைக்குக் கறி. நாங்கள் காணிக்கு ஏறும்போது ஒரு சொட்டு இரத்தமும் கண்ணில் படாது. எங்களுக்கு அது ஹராம், தொடவும் மாட்டோம், கிட்டப் போகவும் மாட்டோம். இருவருக்கும் இது வசதி.

எனக்கு மட்டும் இது தொண்டையில் முள்ளாகவே இருந்தது. மழைக்காலத்தில் ஓடைக்கரைச் சேற்றில், ஊரில் புலி என்று சொல்லும் சிறுத்தையின் காலடியைக் கண்டேன். நானாவைக் கூட்டிப்போய்க் காட்டினேன்.

“புலி நடக்குற எடத்துல வயர் கட்டாதீங்க நானா. அது பண்டியத்தானே திங்குது. சம்பளம் கேக்காத காவக்காரன் உங்களுக்கு.”

“அது வழியில அது போகும். நீ ஒண்ட கொச்சிக்காயப் பாரு.”

நானாவோடு பேசுவதும் சுவரோடு பேசுவதும் ஒன்றுதான்.

மாத்தளையில் கோயில் கொடி ஏறியதும் லயத்து அண்ணன் மஞ்சள் வேட்டி கட்டி விரதம் பிடித்தார். விரத நாட்களில் அவர் மச்சம் மாமிசம் தொடமாட்டார், வயர் இருக்கும் பக்கமே போகமாட்டார். நானாவும் வழக்கம்போலப் போகவில்லை. முதலாளி பார்த்துக்கொள்வார் என்று அண்ணன் இருந்தார். அவர் வழமைபோல் பார்ப்பார் என்று நானா இருந்தார். தேர் முடியும்வரை வயரைக் கழற்றி வைப்போம் என்ற நினைப்பு ஒருவருக்கும் வரவில்லை. ஆளுக்கொரு மார்க்கம் சொல்லி இருவரும் சுத்தமாக ஒதுங்கிக்கொள்ள, வயர் மட்டும் ஒதுங்காமல் அங்கேயே கிடந்தது.

தேரன்று காலை கொச்சிக்காய் பறிக்கப் போனேன். மேலேயிருந்து ஒரு சத்தம் வந்தது. மரம் அறுக்கிற வாள் இழுபடுவதைப் போன்ற மூச்சு. பன்றி அப்படிக் கத்தாது. வாளியைப் போட்டுவிட்டு நானா வீட்டுக்கு ஓடினேன்.

“பண்டியாத்தான் ஈக்கும். தேர் முடிஞ்சு அவர் வந்து பாப்பாரு” என்றார், தேத்தண்ணியைக் கீழே வைக்காமலே.

“அதுவரைக்கும் அது துடிச்சிக்கிட்டுக் கிடக்கட்டுமா? பண்டின்டாலும் உசிருதானே! எழும்புங்க!”

என் சத்தத்துக்குப் பயந்தே அவர் எழுந்து வந்தார்.

சிறுத்தைதான். வயர் அதன் இடுப்பைச் சுற்றி இறுகியிருந்தது. வேலி மரத்தின் பட்டையைக் கடித்துக் கிழித்து வைத்திருந்தது. எங்களைக் கண்டதும் பாய்ந்தது. வயர் அதை அந்தரத்தில் பிடித்து நிலத்தில் அடித்தது. எனக்குப் பயமும் அழுகையும் ஆத்திரமும் ஒன்றாகக் கிளம்பின. நானா அப்படியே குந்திவிட்டார்.

நான் போனை எடுத்தேன். நானா என் கையைப் பிடித்தார்.

“கோல் பண்ணாத. புலிக் கேஸ் லேசுப்பட்டதில்ல. உள்ளுக்குத்தான் போடுவாங்க.”

“அப்ப என்ன செய்ற?”

“கொஞ்ச நேரத்தில அடங்கிடும். ஆருக்கும் தெரியாமப் பொதச்சிடுவோம்.”

நானா கெட்டவரல்லர். வாப்பா போன பிறகு என் கலியாணத்தைச் செய்து வைத்தவர் அவர்தான். ஆனாலும் அந்த ‘அடங்கிடும்’ என்ற சொல்லை என்னால் பொறுக்க முடியவில்லை. கையை உதறிவிட்டு வனவிலங்கு ஒபிசுக்கு அடித்தேன்.

போனில் பேசிய மிருக டாக்டர் ஒரு சிங்களப் பெண். வேறு இடத்திலிருந்து வரவேண்டும், நேரமெடுக்கும் என்றார். “ஒருவரும் அதன் கண்ணில் படக்கூடாது. சத்தம் கூடவே கூடாது. ஒவ்வொரு தடவை பாயும்போதும் வயர் உள்ளே அறுக்கும். நான் வரும்வரை அது பாயாமல் இருந்தால்தான் என்னால் ஏதாவது செய்யலாம்” என்றார்.

காணிக்கு ஏற ஒரே ஒரு ஒற்றையடிப் பாதைதான். அதன் வளைவில் நான் மண்வெட்டியோடு நின்றேன். நினைத்தபடியே ஊர் திரண்டு வந்தது. எங்கிருந்துதான் மணம் பிடிப்பார்களோ! கடைக்காரர்கள் வந்தார்கள், லயத்துச் சனம் வந்தது, கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தியும் வந்தாள். கலியாண வீட்டுக்கு வந்தவர்களைப்போல ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டார்கள்.

“ஒரு போட்டோதானே தாத்தா, எடுத்துட்டுப் போயிர்றோம்” என்றான் ஒரு பையன். எங்கள் ஊரில் தாத்தா என்றால் அக்கா.

“ஒங்கட உம்மாவ வயர்ல மாட்டிப் போட்டு போட்டோ எடுங்க!”

மரியாதையெல்லாம் அன்றைக்குப் பார்க்கவில்லை. கடைத்தெருவில் தலை குனிந்து போகிறவள்தான் நான். அன்றைக்கு வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். ஒருத்தன் மட்டும் மிளகுக்கொடிகளுக்குள்ளால் புகுந்து மேலே போய்விட்டான். படுத்திருந்த சிறுத்தை முகத்தைத் திருப்பட்டும் என்று கல்லெறிந்தான். அது உறுமிப் பாய்ந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. ஓடிப்போய் அவன் கன்னத்தில் பளாரென்று அறைந்தேன். ஊருக்குக் கலியாணம் கட்டி வந்த மாப்பிள்ளையை ஒரு பெண்பிள்ளை அறைந்தாள் என்று இன்றைக்கும் பேச்சிருக்கிறது. பேசட்டும்.

பாதையில் இருந்த ஆட்களை அந்த நேரம் யார் மறித்தது என்று திரும்பிப் பார்த்தால், நானா இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றார். முகம் வெளிறியிருந்தது. “போங்க, அல்லாவுக்காகப் போங்க” என்று மெதுவாக, மிக மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதன்பிறகு ஒருவரும் ஏறவில்லை.

காத்திருப்பு முடிகிற வழியாக இல்லை. மூச்சுச் சத்தம் கேட்டால் வலிக்கிறதே என்று துடித்தேன், கேட்காவிட்டால் போய்விட்டதோ என்று துடித்தேன். நடுப்பகல் ளுஹர் பாங்கு சொல்லியும் நெடுநேரத்துக்குப் பிறகுதான் ஜீப் வந்தது. டாக்டர் தனியாக ஏறிப்போய் மயக்க ஊசியைச் சுட்டார். சிறுத்தை தலையைச் சாய்த்த பிறகு வயரை வெட்டி எடுத்தார். சாக்கில் கிடத்தி இறக்க ஆள் போதவில்லை. நானாவும் ஒரு முனையைப் பிடித்தார்.

“பிழைக்குமா?” என்று கேட்டேன்.

“இப்போது ஒன்றும் சொல்ல முடியாது. உள்ளே எவ்வளவு அறுத்திருக்கிறது என்று பார்க்கவேண்டும்” என்றார்.

அந்த நேரம் பார்த்து லயத்து அண்ணன் தேரிலிருந்து திரும்பி வந்தார், மஞ்சள் வேட்டியும் நெற்றி நிறைய விபூதியுமாக. கூட்டத்தைக் கண்டதும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. உத்தியோகத்தர் வயரைத் தூக்கிப் பிடித்து, யாருடையது என்று சிங்களத்தில் கேட்டார்.

“நான்தாங்க கட்டுனேன்” என்றார் அண்ணன்.

உத்தியோகத்தர் நானாவைப் பார்த்தார். நானா நிலத்தைப் பார்த்தார். நான் நானாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது சொல்வார், இதோ சொல்லிவிடுவார் என்று எண்ணினேன். அண்ணனை ஜீப்புக்குள் ஏற்றினார்கள்.

“வயர் வாங்கிக் குடுத்தது எங்கட நானா” என்றேன். “காணியும் அவர்ட.”

என் குரல்தானா அது என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. நானா நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். இருவரையும் ஒரே ஜீப்பில் கொண்டுபோனார்கள்.

மதினி என்னைத் தன் வாசற்படி மிதிக்கவேண்டாம் என்றாள். “மிருகத்துக்காகக் கூடப் பொறந்தவரைக் குடுத்தவ” என்று ஊர் முழுக்கச் சொன்னாள். நானாவுக்கு வழக்குப் பேச நல்ல பிரக்கராசியைப் பிடித்தார்கள். அவர் பிணையில் வந்துவிட்டார், என்னோடு பேசுவதில்லை. லயத்து அண்ணனுக்குப் பிணைக் கையெழுத்துப் போட ஆளில்லை. அவர் உள்ளேயே இருந்தார். கடைசியில் நானே போனேன்.

கோர்ட் வாசலில் அவருடைய மனைவியும் நானும் கூப்பிடும்வரை நின்றுகொண்டிருந்தோம். என் போன் அடித்தது. டாக்டர் பேசினார். காயம் ஆறிவிட்டதாம், நன்றாகச் சாப்பிடுகிறதாம், இனிக் காட்டில் விடலாமாம். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன் போலிருந்தது. பக்கத்தில் அவள் ஒருத்திதான் நின்றாள்.

“புலி பொழச்சிருச்சாம்” என்றேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள்.

“அப்ப இவருக்குக் கேசு கொறையுமாங்க அக்கா?”

எனக்குத் தெரியவில்லை. குறையும் என்று சொன்னேன்.