மடியில் எடுக்கப் பயந்தவள்

எண்பதுகளின் தொடக்கத்தில், பிள்ளை பெற்ற பெண்களின் மனநிலையைப் பற்றிய ஓர் ஆய்வில் எனக்கு வேலை கிடைத்தது. பேராசிரியர் மலையாளி. போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் தமிழ்ப் பெண்கள் வேலை செய்ததால் அந்த இடத்தை என்னிடம் விட்டார். நகரத்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலிருந்த கிழக்கேகோட்டையில் காலை பஸ் ஏறினால் வித்துராவில் இறங்கி இன்னொரு பஸ். தூக்கம் வருகிறதா, பசிக்கிறதா, அழுகை வருகிறதா என்று தாளில் வரிசையாகக் கேள்விகள். பெண்கள் எல்லாவற்றுக்கும் "நல்லாத்தான் இருக்கோம்" என்று சொல்லிவிட்டுப் பால் விடாத கட்டன் சாயா கொடுப்பார்கள்.

கொழுந்து பறிக்கும் தாய்மார்கள் பத்து மணிக்குப் பால் கொடுக்கத் தோட்டத்துக் காப்பகத்துக்கு வருவார்கள். அவர்களில் ஒருத்திக்கு இருபது வயது இருக்கும். வந்ததும் சுவரோரம் தரையில் உட்கார்ந்துவிடுவாள். ஆயாதான் குழந்தையைக் கொண்டுவந்து அவள் மார்போடு சேர்த்துப் பிடிக்க வேண்டும். அவள் கைகள் இரண்டும் தரையில் ஊன்றியபடியே இருக்கும்.

"கல்நெஞ்சுக்காரி. மூணு மாசமாச்சு, பெத்த பிள்ளைய ஒரு நாள் தூக்கல" என்று ஆயா அவள் காதில் விழும்படியே என்னிடம் சொன்னார்.

மூன்றாவது முறை நான் போன அன்று பெருமழை. வேலை நின்றுவிட்டதால் அவள் தொழிலாளர் லயத்து வீட்டு வாசலில் தனியாக இருந்தாள். உள்ளே மாமியாரிடம் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. ஐந்து கேள்விகள் கேட்டு எழுதிக்கொண்டேன். ஆறாவதைக் கேட்காமல், "பிள்ளையத் தூக்கப் பயமா இருக்கா?" என்றேன்.

சட்டென்று நிமிர்ந்தாள். "யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல."

மழைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு தணிந்த குரலில், "தூக்குனா கீழ போட்டிருவேன்னு தோணுதுக்கா. ஓடைப் பக்கம் போனா தண்ணியில விட்டிருவேன்னு தோணுது. நான் பேயாக்கா?" என்றாள்.

பேனாவை மூடினேன். என் மகன் பிறந்த புதிதில், கோட்டைக்குள் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் எனக்கு இதே பயம் இருந்தது. யாரிடமும் சொன்னதில்லை. கணவரிடம்கூட. அவளிடம் சொன்னேன்.

"போட்டிருவோம்னு நடுங்கினேனே தவிர, போடல. உனக்கும் பிள்ளை மேல அவ்வளவு ஆசை இருக்கறதாலதான் இந்தப் பயம்."

"இப்ப அந்தப் பையன்?"

"ரெண்டாங்கிளாஸ் படிக்கறான். முன்பல்லு ரெண்டும் விழுந்துடுத்து."

நான் பேசிய விதம் அவளுக்கு வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். சிரித்தாள். சிரிப்பு அப்படியே அழுகையானது. உள்ளேயிருந்து மாமியார் வந்து நின்றார். அவரிடமும் அவளே சொன்னாள்.

"இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் ஏசியிருப்பேனா?" என்று மாமியார் அவள் தலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

நான் சொன்னதன்பேரில் அடுத்த வாரம் அவள் கணவன் அவளை நகரத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துவந்தான். டாக்டர் மாத்திரை கொடுத்தார். குழந்தையை அவள் மடியில் வைக்கும்போது ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதும், பிடுங்கிக்கொள்ள வேண்டாம் என்றார்.

பேராசிரியரிடம் ஐந்து பதில்களோடு நின்றுபோன தாளை வைத்து, நடந்ததைச் சொன்னேன். என் கதையைச் சொல்லிப் பதில் வாங்கியதால் அதை ஆய்வில் சேர்க்க முடியாது என்றார். அது சரிதான். ஆனால் அவள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே எழுதித் தரச் சொன்னார். அடுத்து அச்சான கேள்வித்தாளில் அந்தப் பயத்தைப் பற்றி ஒரு கேள்வி சேர்ந்தது.

பேராசிரியரிடம் பேசிய அன்று மாலை கணவரிடமும் என் பழைய பயத்தைச் சொல்லிவிட்டேன். "அதனாலதான் கிணத்துக்கு மூடி போடச் சொன்னியா? நான் பூனை விழும்னு நெனச்சேனே" என்றார். அவர் கண் கலங்கியதை அன்றுதான் பார்த்தேன்.

இரண்டு மாதம் கழித்து மறுபடி தோட்டத்துக்குப் போனேன். காப்பகத்துக்கு வெளியிலேயே அவள் குரல் கேட்டது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஈரத்துணியை ஏன் மாற்றவில்லை என்று ஆயாவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.