நானூறு அடி

எனக்குக் கோபம் மூக்கின் நுனியில் நிற்கும். இதை நானே சொல்லிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் என் பெண்டாட்டி ரத்னா சொல்லிவிடுவாள். என் அக்கா கனகாம்பாள் அதற்கு நேர் எதிர். அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. ஆனால் ஒன்றைப் பிடித்தாள் என்றால் உடும்பு கெட்டது. அவளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

சோழவரத்தில் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தபோது அவளை மணவாளன் மாமாவுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். குழந்தை இல்லை. அதற்காக ஊர் பேசிய பேச்சையெல்லாம் காதில் வாங்கிக்கொள்ளாத மாதிரியே இருந்தாள். அறுபத்தெட்டில், முப்பத்திரண்டு வயதில், ஒரு நாள் எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு, பிரைவேட்டாக எஸ்.எஸ்.எல்.சி. எழுதப் போகிறேன் என்றாள். பாஸ் செய்தால் வாத்தியார் டிரெயினிங் போகலாமாம்.

"ஏட்டுச் சுரைக்கா கறிக்கு ஆவுமாக்கா?" என்றேன் நான்.

"கறி ஆக்கறதுக்கு நான் படிக்கல. நீ வாய மூடிக்கினு போ" என்றாள்.

தமிழ், சரித்திரம் எல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கணக்கிலும் பாதி தூரம் வந்துவிட்டாள். இருபடிச் சமன்பாடு என்ற பாடத்தில் வண்டி நின்றுவிட்டது. பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய புத்தகம் அது. விடைகள் இருந்த கடைசிப் பக்கங்களை எவனோ கிழித்து வேர்க்கடலை மடித்துவிட்டான். ஒரு எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் வர்க்கம் என்பது அவளுக்குத் தெரியும். அப்படிப் பெருக்க வேண்டிய அவசியம் உலகத்தில் எங்கே வருகிறது என்பதுதான் பிடிபடவில்லை.

"ரெண்டு காணிக்கு ரெண்டு மடங்கு வெத, மூணு காணிக்கு மூணு மடங்கு. நாம பாத்ததெல்லாம் இப்டித்தான கீது? எதுடா தன்னத் தானே பெருக்கிக்குது?" என்று என்னிடம் கேட்டாள். என்னிடம்! நான் ஏழாவது பெயில்.

பதில் மாமாவின் சட்டைப் பையிலிருந்து வந்தது. எங்கள் ஊர் பழைய விமான ஓடுதளத்தில் வருஷா வருஷம் பிப்ரவரியில் மோட்டார் ரேஸ் நடக்கும். அதற்கு வைக்கோல் கட்டுகள் அடுக்குவதும், ஜனங்கள் நிற்கிற இடத்தில் கயிறு கட்டுவதும் மாமாவின் வேலை. வண்டிகள் திரும்புகிற ஒரு மூலைக்குப் பொறுப்பாக ஜோசப் என்ற மெக்கானிக் கொடி பிடித்து நிற்பார். வண்டி ஓட்டக் கற்றுக்கொள்கிறவர்களுக்கான சின்னப் புத்தகம் ஒன்றை அவர் மாமாவிடம் கொடுத்திருந்தார். மாமா அதைப் பீடி சுற்றி வைத்துக்கொள்ளப் பயன்படுத்திவந்தார். அதில் ஒரு அட்டவணை. மணிக்கு இருபது மைல் வேகத்தில் போகிற காரை நிறுத்த நாற்பது அடி வேண்டும். முப்பதுக்கு எழுபத்தைந்து. நாற்பதுக்கு நூற்று இருபது. ஐம்பதுக்கு நூற்று எழுபத்தைந்து. அதோடு அட்டவணை முடிந்துவிட்டது.

அக்கா திருவள்ளூர் போய் நாலு கிராஃப் தாள் வாங்கி வந்தாள். குறுக்கே வேகம், நெடுக்கே தூரம் என்று வைத்து நாலு புள்ளிகளைப் போட்டாள். ஸ்கேலை வைத்து முதல் இரண்டைச் சேர்த்தாள். மூன்றாவது புள்ளி கோட்டுக்கு மேலே நின்றது. நாலாவது இன்னும் மேலே. தான்தான் தப்பாகப் போட்டுவிட்டோம் என்று அழித்தாள். இரண்டாவது தாளிலும் அதே கதை. மூன்றாவது தாளில் ஸ்கேலைத் தூக்கிப் போட்டுவிட்டு, துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவி, மெல்ல வளைத்துப் புள்ளிகளின்மேல் வைத்தாள். நாலும் அதன்மேல் வந்து உட்கார்ந்தன.

நான் அப்போது அங்கேதான் இட்லி தின்றுகொண்டிருந்தேன். அவள் மூச்சு நின்றுபோன மாதிரி இருந்தாள். பிறகு எதையோ கழித்தாள், வகுத்தாள்.

"டேய் செங்கல்வராயா, இங்க பாரு. கண்ணு பாத்து காலு பிரேக்குக்குப் போறதுக்குள்ள வண்டி கொஞ்சம் ஓடிடுது. இருவது மைலுக்கு இருவது அடி, முப்பதுக்கு முப்பதடி. புஸ்தகத்துலயே போட்டுக்கீது. அதக் கழிச்சிட்டா மிச்சம் இன்னா? இருவது, நாப்பத்தஞ்சு, எம்பது, நூத்தி இருவத்தஞ்சு. எல்லாத்தயும் அஞ்சால வகு."

"நீயே வகு."

"நாலு. ஒம்பது. பதினாறு. இருவத்தஞ்சு." அவள் கண்ணில் நீர் கோத்திருந்தது. "ரெண்டு ரெண்டு நாலு, மும்மூணு ஒம்பது, நானாலு பதினாறு, ஐயஞ்சு இருவத்தஞ்சு. வேகந்தாண்டா தன்னத் தானே பெருக்கிக்குது!"

எனக்கு அதில் அழ என்ன இருக்கிறது என்று புரியவில்லை. ரீல் விடுகிறாள் என்று நினைத்தேன், சொல்லியும் விட்டேன். சரி வா, பார்த்துவிடலாம் என்று இடுப்பில் தண்ணீர்ப் பானையும் மாமாவின் சைக்கிளுமாக என்னை ஏரிக்கரைக்கு இழுத்துப் போனாள்.

கரையில் இரண்டு பனைமரங்கள். முதல் மரத்திலிருந்து இரண்டாவது மரத்துக்கு அவள் எட்டு எண்ணுவதற்குள் மிதித்து வந்து, அங்கே அவள் கிழித்த கோட்டில் பிரேக்கை அழுத்தினேன். மண்ணில் சக்கரம் தேய்த்த தடம் மூன்று முழம். இப்போது நாலு எண்ணுவதற்குள் வா என்றாள். அதாவது இரட்டிப்பு வேகம்.

"ரெட்டிப்பு வேகம்னா ஆறு மொழம். ஏழாவது மொழத்துல உன் தண்ணிப் பானைய வை. தொடாம நிறுத்தறேன், பாத்துக்கினே இரு" என்று சவால் விட்டேன்.

பானையை உடைத்துக்கொண்டு போய்த்தான் நின்றேன். முட்டி சிராய்த்து ரத்தம். அவள் என் முட்டியைப் பார்க்கவே இல்லை. குனிந்து முழம் போட்டுக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு முழத்துக்கு நாலு விரல் குறைச்சல். மூன்றின் நாலு மடங்கு.

"ஏரிக்கர மண்ணுக்குக் கூட இந்தக் கணக்கு தெரிஞ்சிகீது" என்றாள், கோயிலில் நிற்கிறவள் மாதிரி. முட்டி எரிந்தாலும் எனக்கும் உடம்பு ஒரு தரம் சிலிர்த்துத்தான் போயிற்று. ஆனால் அதை ஒப்புக்கொள்ள நான் என்ன கேனயனா? பானை ஓட்டைப் பானை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அறுபத்தொன்பது பிப்ரவரி. சனிக்கிழமை வெள்ளோட்டம், ஞாயிற்றுக்கிழமை ரேஸ். ஜோசப்பின் மூலையில்தான் வருஷா வருஷம் என் டீக்கடை. ஓடுதளம் அங்கே நேராகப் போய்க்கொண்டிருக்கும், ரேஸ் பாதை மட்டும் இடது பக்கம் திரும்பும். திரும்ப முடியாத வண்டி நேராக வந்தால் ஜனங்கள் மேல்தான் வரும். அதற்காகத்தான் வைக்கோல் கட்டும் கயிறும். பிரேக் போட வேண்டிய இடத்தில் சுண்ணாம்புக் கோடு. அதிலிருந்து நூற்று இருபது அடியில் கயிறு, அதுதான் அதுவரை வழக்கம். வண்டிகள் அந்த இடத்துக்கு நாற்பது மைலில்தான் வரும். அந்த வருஷம் காலை வெள்ளோட்டத்தில் புதிய வண்டி ஒன்று எண்பதில் வந்தது.

மாமா ஒரு நொடி யோசித்தார். "ரெட்டிப்பு வேகம், ரெட்டிப்பு தூரம்" என்று இருநூற்று நாற்பது அடியில் கட்டுகளை அடுக்கிக் கயிற்றைக் கட்டிவிட்டார். கயிற்றை ஒட்டிப் பின்னாலேயே, ஓடுதளத்தின் ஓரத்தில் நின்ற ஒரு பனைமரத்தின் நிழல். அதில் நான் கல் கூட்டி அடுப்பு மூட்டி, தட்டி கட்டி, பாய்லரை வைத்தேன். ரத்னா ஆறு மாதக் குழந்தை செண்பகத்தைத் தட்டியில் தூளி கட்டிப் போட்டாள். வண்டி திரும்புவது கண்ணுக்கு நேராகத் தெரியும். அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

மத்தியானம் அக்கா சோறு கொண்டு வந்தாள். மாமா தன் கணக்கைப் பெருமையாகச் சொன்னார். சோற்றுத் தூக்கை அப்படியே கீழே வைத்துவிட்டு, ஒரு வைக்கோல் கட்டின்மேல் உட்கார்ந்து, இடுப்பிலிருந்து பென்சிலை எடுத்தாள்.

"எரநூத்தி நாப்பது அடின்னா எந்த வேகத்துக்குத் தாங்கும்? வேகத்தோட வர்க்கத்துல இருவதுல ஒரு பங்கு, அதோட வேகம், ரெண்டும் சேந்து எரநூத்தி நாப்பது. எல்லாத்தயும் இருவதால பெருக்கினா, வேகத்தோட வர்க்கம், அதோட அந்த வேகத்தப் போல இருவது மடங்கு, அதுல நாலாயிரத்தி எண்ணூறு போனா பூஜ்யம்." பென்சில் கொஞ்ச நேரம் நின்றது. "ரெண்டு விட வருது. அறுவது, இல்லன்னா மைனஸ் எம்பது. மைனஸ்ல எவனும் வண்டி ஓட்ட மாட்டான், அதத் தள்ளிடலாம். அறுவதுதான். அறுவதுக்குத்தான் தாங்கும். எம்பதுல வந்தா நானூறு அடி வேணும்."

மாமாவின் முகத்தில் ஈயாடவில்லை. "ஊரே பாத்துக்கினு கீது. நீ வந்து என் கணக்கத் திருத்தறியா?"

நான் பாய்லரைத் தூக்கவே மாட்டேன் என்று கத்தினேன். நானூறு அடிக்குப் போனால் மொட்டை வெயில், வண்டியும் எறும்பு மாதிரி தெரியும், டீ குடிக்க எவன் வருவான்? "துடப்பக் குச்சில வளச்ச கோடு! அத நம்பி நான் கடைய மாத்தணுமா? போக்கா, பேஜாரு பண்ணாத!" இன்னும் என்னென்னவோ சொன்னேன். எழுதக் கூசுகிறது. ஜோசப் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புஸ்தகத்தில் எண்பதுக்குப் போடவில்லையே அம்மா என்றார்.

அக்கா பென்சிலை இடுப்பில் செருகினாள். தூளியிலிருந்து குழந்தையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"நீ இங்கியே யாவாரம் பண்ணு நைனா. கொழந்தய நான் அங்க வச்சிக்கிறேன்."

எண்ணிக்கொண்டே நடந்தாள். நூற்று அறுபது அடி. மொட்டை வெயிலில், முந்தானையைக் குழந்தையின் தலைமேல் போட்டுக்கொண்டு, வெறும் சிமென்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். என்னையும் பார்க்கவில்லை, மாமாவையும் பார்க்கவில்லை. ரத்னா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தூளித் துணியோடு அவள் பின்னால் போனாள். பிறகு மாமா, "த்தூ, இன்னாடா பொழப்பு இது" என்று முனகிக்கொண்டே ஒரு வைக்கோல் கட்டைத் தூக்கித் தலையில் வைத்தார். ஜோசப் இன்னொன்றைத் தூக்கினார். பாய்லரைத் தூக்க எனக்கு யாரும் கைகொடுக்கவில்லை. மூன்று அடுப்புக் கல்லையும் ஒவ்வொன்றாக நானே சுமந்தேன். வாய் ஓயாமல் திட்டிக்கொண்டேதான் சுமந்தேன்.

மறுநாள் ஜனங்களும் திட்டினார்கள். ஒன்றுமே தெரியவில்லை, கயிற்றை முன்னால் கட்டுங்கள் என்று கூச்சல். டீ பாதி கூட விற்கவில்லை. அக்கா ஒருத்திதான் சுண்ணாம்புக் கோட்டையே பார்த்துக்கொண்டு, குழந்தையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

மூன்று மணிக்கு மேல் அந்தப் புதிய வண்டி வந்தது. இடது பக்கம் வேறு வண்டி மறித்துக்கொண்டதால் அவனால் திரும்ப முடியவில்லை. நேராக வந்தான். டயர் கதறியது. ஜனங்கள் ஓடவும் மறந்து நின்றார்கள். பழைய நூற்று இருபதைத் தாண்டியது. மாமா கட்டியிருந்த இருநூற்று நாற்பதைத் தாண்டியது. பனைமரத்தைத் தாண்டியது. எங்களைப் பார்த்து வந்துகொண்டே இருந்தது. வரவர அடங்கி, புகைக்கு நடுவில், வைக்கோல் கட்டுக்கு அந்தப் பக்கமாகவே நின்றுவிட்டது. கட்டிலிருந்து ஒரு துரும்பு கூட விழவில்லை.

ஓட்டியவன் இறங்கினான். "டீ இருக்கா?" என்றான். கொடுத்தேன். காசு கேட்கவில்லை.

அக்கா அடிக்கணக்கில் முடிச்சுப் போட்ட கயிறு ஒன்றை எடுத்துக்கொண்டு கோட்டிலிருந்து அளந்து வந்தாள். ஜோசப் கூடவே வந்தார். முந்நூற்றுத் தொண்ணூற்று மூன்று அடி. ஜோசப் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அதுவரை நடக்காத ஒன்றை ஒரு துடைப்பக் குச்சி முந்தின நாளே பார்த்திருக்கிறது. எனக்குக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போல இருந்தது. சாமி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்போதுகூட எனக்கு இப்படி இருந்ததில்லை.

நான் பனைமரத்துக்குப் போனேன். முந்தின நாள் என் அடுப்பு எரிந்த இடத்தில் ஒரு கரிவட்டம் இருந்தது. டயர் தடம் அதன் நடுவில் போயிருந்தது. தூளி கட்டிய தட்டிக்கால் ஒன்றைச் சிமென்டு வெடிப்பில் ஊன்றியபடியே விட்டிருந்தேன். அது சிலாம்பு சிலாம்பாகக் கிடந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். மாமா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவரும் அழுதார்.

அக்கா அந்த மார்ச்சில் பரீட்சை எழுதினாள். கணக்கில் எண்பத்தொன்று. டிரெயினிங் முடித்து, இப்போது செவ்வாப்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கிறாள். மாமா அந்த கிராஃப் தாளைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். வருகிறவர்களிடம் பதினாறு, இருபத்தைந்து என்று பாதி சொல்லிவிட்டு, மீதிக்கு அவளைக் கூப்பிடுவார்.

செண்பகத்துக்கு இப்போது பத்து வயது. வாய் என்றால் அப்படி ஒரு வாய். போன வாரம் பாலைக் கொட்டிவிட்டு என்னையே எதிர்த்துப் பேசினாள். எனக்குத்தான் கோபம் மூக்கின் நுனியில் நிற்குமே, கையை ஓங்கிவிட்டேன். அவள் நகராமல் என்னைப் பார்த்தாள். அந்தக் கரிவட்டம் கண்முன் வந்தது. கை தானாகக் கீழே இறங்கிவிட்டது.