ஒரே ராத்திரியில் வடிந்த தெரு: திருச்செங்கோட்டிலிருந்து ஒரு மனுப் பயணம்

இந்தத் தடவை கோயிலும் இல்லை, அருவியும் இல்லை. அக்கா வீட்டுத் தெருவில் குடிதண்ணீர் கெட்டுப்போனதற்காகக் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கப் போன கதை இது. எந்த பஸ், எங்கே இறங்குவது, எத்தனை மணிக்குப் போனால் வரிசை குறைவு என்று கோயிலுக்கு எழுதுகிறவர்கள் இதற்கு மட்டும் எழுதுவதில்லை. எனக்கு அது எரிச்சல். அதனால் நான் எழுதிவிடுகிறேன்.

ஐப்பசி மழை நான்கு நாளாகப் பிடித்துக்கொண்டிருந்தபோது சுமதி அக்கா போன் பண்ணினாள். அவள் மகள் கயலுக்கு ஐந்து வயசு, மஞ்சள் காமாலை. தெருவில் அவள் மூன்றாவது ஆள். சாயப்பட்டறைக் கழிவுதான் தண்ணீரில் கலக்கிறது என்று அக்கா ஆன்லைனில் புகார் போட்டிருக்கிறாள். "ஆய்வில் கழிவு வெளியேற்றம் இல்லை" என்று முடித்து வைத்துவிட்டார்களாம். நேரில் கொடுக்கலாம், உனக்குத்தான் எழுத வருமே, வா என்றாள். மாமா செல்வராஜ் ஊரில் இல்லை. ரிக் வண்டியில் டிரில்லர் அவர். வருஷத்தில் முக்கால்வாசி நாள் வடக்கே எங்காவது போர்வெல் போட்டுக்கொண்டிருப்பார்.

சனிக்கிழமை காலை 6.40-க்கு சேலம் புது பஸ் ஸ்டாண்டில் ஏறினேன். திருச்செங்கோடு சுமார் ஐம்பது கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து டவுன் பஸ். பெண்களுக்கு டிக்கெட் இல்லை. நான்கு கிலோமீட்டர் தாண்டி இறங்கினால் நாற்பது வீடுள்ள புதுத் தெரு. முந்தின நாள் சாயங்காலம் முழங்கால் தண்ணீர் என்று அக்கா போட்டோ அனுப்பியிருந்தாள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

தெருவில் தண்ணீரே இல்லை. வண்டல் மட்டும் வழவழவென்று கிடந்தது. சாக்கடை கிடையாது, ஓடை அரை கிலோமீட்டர் தள்ளி மேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. பிறகு எங்கே போயிற்று? உற்றுப் பார்த்தேன். வேப்பிலை, பால் கவர், ஒற்றைச் செருப்பு, எல்லாமே ஒரே பக்கம் பார்த்துக் கிடந்தன. சேற்றில் இருந்த கோடுகள்கூடத் தெருக்கோடிக் காலிமனையை நோக்கியே போயின. அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தம் வேறு. வாயை மூடிக்கொண்டு யாரோ முனகுகிற மாதிரி, நிற்காமல்.

"அங்க என்னக்கா சத்தம்?" என்றேன். அது என்னமோ குழி, கெடக்குது வா என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய்விட்டாள். கயல் கட்டிலில் உட்கார்ந்து உப்பில்லாத கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். கண்ணின் வெள்ளை இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சள். தூக்கிக் கொஞ்சத்தான் போனேன், அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது.

பதினோரு மணிக்குத் தெரு போர்வெல்லில் மோட்டார் போடுவார்கள். அன்று குழாயில் முதலில் நுரை வந்தது, பிறகு லேசாகக் கலங்கிய தண்ணீர். அழுகின வாழைப்பட்டை நாற்றம். வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து வந்து குடத்தை மோந்து பார்த்துவிட்டுப் பழையபடி போய்ப் படுத்துக்கொண்டது. ஒரு பாட்டிலில் பிடித்து வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவின் ஸ்கூட்டியில் ஓடையை ஒட்டியே போனோம். மண் ரோடு, இரண்டரை கிலோமீட்டர். அந்தச் சாயப்பட்டறையைப் போட்டோ எடுத்து மனுவோடு வைத்து, முடித்து வைத்தவர்கள் மூஞ்சியில் கரி பூசுவதாகத் திட்டம். போனால் கேட்டுக்கு நடுவில் சீமைக்கருவேலம் முளைத்து என் தோள் உயரம் நிற்கிறது. தொட்டிகளில் வெறும் மழைத் தண்ணீர்தான் நிற்கிறது. பட்டறை பூட்டி ரெண்டு ஆடி ஆச்சுங்களே என்றார் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மா. ஓடைத் தண்ணீரில் மழைக் கலங்கல்தான், சாய நிறமும் இல்லை, நாற்றமும் இல்லை. பழி போடுவதற்கு ஆள் இல்லை என்று ஆனதும் பயம் பிடித்துக்கொண்டது. வெளியிலிருந்து எதுவும் வரவில்லை என்றால், எங்கிருந்து வருகிறது? அக்கா அதற்குள் ஸ்கூட்டியைத் திருப்பிவிட்டாள்.

திங்கட்கிழமைதான் குறைதீர்க்கும் நாள். காலை 8.10-க்கு நாமக்கல் பஸ். முப்பத்தைந்து கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். கலெக்டர் ஆபீஸ் ஊருக்கு முன்னாடியே ரோட்டோரம் வந்துவிடும், கண்டக்டரிடம் சொல்லி வையுங்கள். நாமக்கல் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போய்த் திரும்பி வந்து அலையாதீர்கள்.

வாசலில் பை சோதனை உண்டு. மண்ணெண்ணெய் கொண்டுவந்து ஊற்றிக்கொள்கிறவர்கள் இருப்பதால் பாட்டில் என்றாலே பிடுங்கி வைத்துவிடுவார்கள். இது குடிதண்ணீருங்க என்றேன். பெண் போலீஸ் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். சட்டென்று தலையைத் திருப்பிக்கொண்டார். "இதையாங்க குடிக்கறீங்க?" என்று கேட்டுவிட்டு, ஒன்றும் எழுதாமல் பாட்டிலைத் திருப்பிக் கையில் கொடுத்தார். அவர் கண்ணில் தெரிந்த பயத்தைப் பார்த்துத்தான் அதுவரை நாங்கள் எவ்வளவு பழகிப் போயிருந்தோம் என்பது உறைத்தது.

மனு பதிந்து நம்பர் வாங்கி, குடிநீர்ப் பிரிவு மேசைக்குப் போகும்போது மணி பன்னிரண்டு. அங்கே இருந்த இன்ஜினியர் அம்மாவுக்கு நாற்பது வயசு இருக்கும். மனுவை முழுசாகப் படித்தார். சாயப்பட்டறை என்ற இடத்தை விரலால் தட்டினார். பிறகு கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"உங்க தெருவுல தண்ணியில்லாத பழைய போர் ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"இல்லீங்க," என்றாள் அக்கா. அவ்வளவு வேகமாக அவள் எதற்கும் பதில் சொல்லி நான் பார்த்ததில்லை.

இன்ஜினியர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். இருந்தால், பலகாரத்துக்குப் போடும் பச்சைக் கலர்ப் பொடியைக் கரைத்து அதில் ஊற்றி, ரெண்டு மூணு நாள் குழாயைக் கவனிக்கச் சொன்னார். அதுவரை யாரும் அந்தத் தண்ணீரை வாயில் வைக்கக் கூடாது என்றார். தன் போன் நம்பரை மனு நகலின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார்.

திரும்பி வரும்போது அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடியே இருந்தாள். திருச்செங்கோட்டு மலை தெரிய ஆரம்பித்த பிறகுதான் பேசினாள். இருக்குது புள்ள, உங்க மாமாதான் பண்ணினாரு என்றாள். போன வருஷம் மழைத் தண்ணீர் ஊட்டுக்குள்ளே புகுந்து, கயல் மூழ்கப் பார்த்ததாம். மறுநாளே மாமா காலிமனையில் வற்றிக் கிடந்த எண்ணூறு அடி போரின் இரும்புக் குழாயைத் தரைமட்டத்துக்கு அறுத்து, வாய்க்குக் கொசுவலை கட்டி, தெருத் தண்ணீர் அங்கே இறங்குகிற மாதிரி வாட்டம் எடுத்துவிட்டார். பைசா வாங்கவில்லை. தெருவே தேங்காய் உடைத்து மாலை போட்டதாம். போர் போடும் ரிக் வண்டிக்குப் பேர்போன ஊர்க்காரர்கள் இல்லையா, பூமியில் ஓட்டை போட்டால் தீராத கஷ்டம் கிடையாது என்று நினைப்பு. அந்தத் தண்ணீரோடு கக்கூஸ் குழிக் கழிவும் மாட்டுச்சாணியும் சேர்ந்தே இறங்குகிறது என்பதை நாற்பது வீட்டில் ஒருவரும் யோசிக்கவில்லை. குடிக்கிற போர் அங்கிருந்து அறுபது எட்டு தூரம்தான்.

சொன்னால் கேஸாகிவிடும், ரிக் வேலை போய்விடும் என்று அழுதாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. கயல் கண்ணைப் பார்த்துட்டுமா மறைச்சே என்று பஸ்ஸிலேயே கத்திவிட்டேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

குழாய்த் தண்ணீரைக் குடிக்க வேண்டாம் என்று மட்டும் தெருவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு, செவ்வாய் மத்தியானம் ரெண்டு மணிக்கு, ஒரு ஈ காக்கா இல்லாத நேரத்தில், பத்துப் பாக்கெட் பச்சையை ரெண்டு குடத்தில் கரைத்துக்கொண்டு போனோம். அக்காவேதான் ஊற்றினாள். உள்ளே விழுகிற சத்தமே கேட்கவில்லை. மூன்று குடம் வெறும் தண்ணீரும் ஊற்றினோம். கொஞ்ச நேரம் கழித்து முனகல் ஆரம்பித்தது. தண்ணீர் இறங்கினால் உள்ளே இருக்கிற காற்று மேலே வரும், அவ்வளவுதான் என்று மாமா சொல்லியிருக்கிறாராம். தெரிந்து என்ன பிரயோஜனம், குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகத் திரும்பினேன்.

புதன்கிழமை ஒன்றுமில்லை. வியாழன் பதினோரு மணிக்கு மோட்டார் ஓடியது. வெள்ளை பக்கெட்டை வைத்துக்கொண்டு அக்கா குழாயடியில் உட்கார்ந்திருந்தாள். பக்கெட் பாதி நிறைந்தபோதே தெரிந்தது. இளம்பச்சை. பக்கத்து வாசல்களிலும் ஒவ்வொருவராகக் குடத்தைச் சாய்த்துப் பார்த்தார்கள். எல்லாக் குழாயும் கொட்டிக்கொண்டே இருந்தன.

அக்கா அங்கேயே மாமாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். பின்னால் ரிக் இரைச்சல். பச்சையாக வந்ததைச் சொன்னாள். அவர் ரிக்கை நிறுத்தச் சொல்லும் குரல் கேட்டது. இரைச்சல் அடங்கியது. பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"எழுதிக்க சாமி. எம்பேர மொதல்ல போடு. அப்புறம் நாஞ்சொல்ற ஏழு தெருவையும் எழுதிக்க. அங்கெல்லாமும் நாந்தான் அறுத்துக் குடுத்தேன்."

ஒவ்வொரு தெருவாகச் சொன்னார். மனு நகலின் பின்பக்கத்தில், இன்ஜினியர் நம்பருக்குக் கீழே எழுதினேன். அடியில் அக்கா கையெழுத்துப் போட்டாள். அன்று சாயங்காலமே இன்ஜினியர் அம்மா ஆளோடு வந்து எங்கள் தெரு ஓட்டையைச் சிமெண்டு போட்டு அடைத்தார். லாரியில் குடிதண்ணீர் வந்தது. ஏழில் ஆறு தெருவும் இப்போது அடைத்தாகிவிட்டது. ஏழாவது தெருவில் மட்டும் அப்படி ஒரு போரே இல்லை என்று எல்லோரும் ஒரே மாதிரி சொல்கிறார்களாம்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். பத்து மணிக்குள் போய்விட்டால் வரிசை குறைவு. மனு மூன்று நகல், ஆதார் நகல் ஒன்று. தண்ணீர் பாட்டிலின் மேல் இடம், நாள், நேரம் எழுதி ஒட்டுங்கள். காரணம் இன்னதுதான் என்று நீங்களே முடிவுகட்டி எழுதாதீர்கள், கண்டதை மட்டும் எழுதுங்கள். அவர்கள் கேள்வி கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுங்கள், அடுத்த பஸ்ஸுக்குத் தள்ளிப்போடாமல். முழங்கால் தண்ணீர் விடிவதற்குள் காணாமல் போகிற தெருவில் நீங்கள் இருந்தால், அது எங்கே போனது என்று முதலில் பாருங்கள்.

மாமா மேல் விசாரணை நடக்கிறது. அதற்காகவே வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிட்டார். கயல் கண் வெளுத்துவிட்டது. போன வாரம் மறுபடியும் நல்ல மழை. காலை ஆறு மணிக்கு அக்கா போன். தண்ணி ஊட்டுக்குள்ள வந்துருச்சு, கட்டில் மேல ஏறி உக்காந்துருக்கறோம் என்றாள். பதறிப்போய், இப்பவே வாரேன், வடியுதா என்று கேட்டேன்.

"இல்ல புள்ள, எங்கயும் போவல," என்றாள். குரலில் அப்படி ஒரு நிம்மதி. "அப்படியே நிக்குது."