இருபதாம் நம்பர் துவக்கு

போன ஞாயிறு உங்கள் அம்மா தையல் மெஷினுக்கு எண்ணெய் விடச் சொன்னார். போத்தல் மூடியைத் திறந்ததுதான், அந்த மணம் என்னை லாசால் பகுதியில் ஒரு துவக்குக் கடைக்குள் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. சிரிக்காதீர்கள் பிள்ளைகளே. உங்கள் அப்பா ஒரு காலம் சுடுவதற்குத் துவக்கு வாங்கப் போனவன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய வருடங்கள். நீங்கள் இரண்டு பேரும் கார்டெரி என்கிற குழந்தைகள் காப்பகத்தில் பிரெஞ்சுப் பாட்டுப் படிக்கிற வயது. நான் மட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை. இலையுதிர்காலம் வந்தால் மதியச் சாப்பாட்டு மேசையில் ஒரே கதைதான்: களிமண் தட்டுகளைப் பறக்கவிட்டுச் சுடுவது, பிறகு காட்டுக்குப் போய்க் காட்டுக்கோழி சுடுவது. என் பிரெஞ்சு அந்த வேகத்துக்கு ஓடாது. ஓரத்தில் இருந்து புட்டை மென்றுகொண்டிருப்பேன். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. என்றாலும் அத்தனை பேருக்குப் பக்கத்தில் தனியே இருப்பது ஒரு மாதிரி. எப்படியாவது அந்தக் கதைக்குள் நுழைந்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. அதனால் பக்கத்து மெஷினில் வேலை செய்த மார்செல், "நீயும் வாவேன்" என்றதும் தலையாட்டிவிட்டேன்.

பாதுகாப்பு வகுப்புக்குப் போய்ச் சோதனையும் பாஸ் பண்ணினேன். ஆனால் மனைவிக்குத் தெரியாமல் இந்த நாட்டில் துவக்கு அனுமதி எடுக்க முடியாது. உங்கள் அம்மாவிடம் சொன்னேன்.

"துவக்குக்குப் பயந்துதானே ஓடி வந்தனாங்கள். இப்ப இவர் கடையில போய் வாங்கப்போறாராம்!"

"தட்டுச் சுடத்தானப்பா."

"தட்டு உங்களுக்கு என்ன செய்தது?"

அனுமதி வந்ததும் மார்செல் என்னை அந்தக் கடைக்குக் கூட்டிப்போனார். அங்கே பன்னிரண்டு, இருபது என்று நம்பர் சொன்னார்கள். எண் கூடினால் குழல் சிறுக்குமாம். என்னைப்போல மெல்லிய ஆளுக்கு இருபதுதான் தோளை இடிக்காது, தட்டுக்கும் கோழிக்கும் அது ஒன்றே போதும் என்று மார்செல் ஒன்றைத் தெரிந்தெடுத்தார். ஒரு குழலுக்கு மேல் இன்னொரு குழல். மரப்பிடி கலியாண வீட்டுக் கதிரை மாதிரிப் பளபளத்தது.

அளவு பார்க்க ஒரு முறை உண்டு. கண்ணை மூடிக்கொண்டு துவக்கைக் கன்னத்தோடு அணைக்க வேண்டும். திறந்தால் குழல் நேராகத் தெரிய வேண்டும். மூடினேன். அணைத்தேன். எண்ணெய் மணம் மூக்கில் ஏறியது. ஊரில் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நிற்க, ஆமிக்காரன் கிட்ட வரும்போது வருமே, அதே மணம். கண் திறக்கமாட்டேன் என்றது. கடைக்காரர் ஏதோ சொன்னார். நான் துவக்கை மேசையில் வைத்துவிட்டு, பேர்ஸிலிருந்து டிரைவிங் லைசென்ஸை எடுத்து இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டு நின்றேன்.

வாங்கத் தீர்மானித்துவிட்டேன் என்று கடைக்காரருக்கு ஒரே சந்தோசம். "பிராவோ!" என்று துவக்கைப் பெட்டிக்குள் வைக்கத் தொடங்கினார். நீட்டிய கையை என்னால் மடக்க முடியவில்லை. மார்செல் என் கையிலிருந்த அட்டையைப் பார்த்தார். மெல்ல வாங்கி என் சட்டைப்பையில் வைத்தார். "இன்றைக்கு இல்லை" என்று கடைக்காரரிடம் சொன்னார். வழியில் அவர் காரணம் கேட்டிருந்தாலும், சொல்வதற்கு என்னிடம் அவ்வளவு பிரெஞ்சு எங்கே?

இனிக் கூப்பிடமாட்டார் என்று நினைத்திருந்தேன். அடுத்த சனிக்கிழமை வீட்டு வாசலில் ஹோர்ன் அடித்தார். தட்டுச் சுடும் மைதானத்தில் என் கையில் ஒரு பொத்தானைத் தந்தார். சுடுபவர் குரல் கொடுத்ததும் நான் அமுக்க வேண்டும், தட்டுப் பறக்கும். முதல் வெடிக்கு அப்படியே குந்திவிட்டேன். பிறகு பழகியது. திங்கட்கிழமை மதியம் மேசையில், நான் பிந்தி அமுக்கியதால்தான் குறி தவறியது என்று எல்லாரும் என்னைத் திட்டினார்கள். அன்றைக்குப் புட்டு எனக்கு நல்ல ருசி.

தொழிற்சாலையை எப்போதோ மூடிவிட்டார்கள். மார்செலும் இல்லை. மெஷினுக்கு எண்ணெய் விட்ட கையோடு காரை எடுத்துக்கொண்டு அந்த மைதானப் பக்கம் போனேன். அங்கே இப்போது வரிசையாக வீடுகள். வெடிச் சத்தம் இல்லாத இடம் தேடி இவ்வளவு தூரம் வந்தவன், கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டு, ஒரு வெடியாவது கேட்காதா என்று கனநேரம் காது கொடுத்துக்கொண்டிருந்தேன்.